எவரை எள்ளி நகைப்பது?

நகைச்சுவை எழுதுவோரை எழுத்தாளர் வரிசையில் அமர்த்துவதற்கு நம்மவர்க்கு இன்றும் மனம் வரவில்லை. கவிஞருக்கு மாலை உண்டு. நாவலாசிரியருக்கு மேடை உண்டு. கட்டுரை எழுதுவோர்க்குக்கூட ஒரு பொன்னாடை உண்டு. சிரிக்க வைத்தவனையோ, "நல்ல பொழுதுபோக்கு" என்னும் ஒரு சொல்லால் விடைகொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவன் தொலைக்காட்சிக்கு எழுதியவன் என்றால் அந்தச் சொல்லும் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும், எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்து, அவற்றுள்ளும் எள்ளலை முன்னிறுத்தினார். உரை கண்ட பேராசிரியர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தான் பிறரை எள்ளும்போது மட்டுமன்று, பிறரால் தான் எள்ளப்படும்போதும் நகை பிறக்கும் என்பது அவர் கருத்து. இதனை வகுப்பில் நடத்துகிறோம், தேர்வில் கேட்கிறோம், மாணவரும் நான்கினையும் வரிசை பிறழாது எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அதே மாணவர் எள்ளலைக் கையாண்டு ஒரு நாடகம் எழுதி வந்தால் என்ன செய்கிறோம்?

அதை நான் கண்ணால் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கான நாடகப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். ஐந்தாம் படிவ மாணவர் சிலர் எழுதிய நாடகத்தில் ஒரு தாத்தா வருகிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். தம் தந்தையைத் துரையும் கிராணியும் எப்படியெல்லாம் விரட்டினார்கள் என்று பேரனுக்குக் கண்கலங்கக் கதை சொல்பவர். அவரே, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வங்காளதேசத் தொழிலாளரைப் பார்த்து, அன்று துரை தம் தந்தையை ஏசிய சொற்கள் அத்தனையையும் சொல்லி ஏசுகிறார். பேரன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை; தாத்தா சொன்ன பழைய கதையை அவருக்கே திரும்பச் சொல்கிறான். அவ்வளவுதான் நாடகம். படிக்கும்போதே சிரித்தேன், சிரித்து முடியுமுன் வெட்கமும் வந்தது. என் வீட்டிலும் அத்தகைய சொற்கள் புழங்கியதுண்டு.

ஏற்பாட்டாளர்கள் அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். பெரியவர் வாயில் இத்தகைய பேச்சு வரலாகாது, பிறர் மனம் புண்படும், மாற்றி எழுதுக என்றார்கள். மாணவரும் மாற்றி எழுதினர். போட்டியன்று மேடைக்கு வந்த தாத்தா குடித்துவிட்டுத் தள்ளாடினார். அவர் வேட்டி அவிழ்ந்தது. திக்கித் திக்கிப் பேசினார். கறுத்த மருமகளைப் பார்த்து, மின்சாரம் நின்றுபோயிற்றா என்று கேட்டார். அரங்கம் குலுங்கியது. எவர் மனமும் புண்படவில்லை என்று அனைவரும் மகிழ்ந்தனர். நானும் வாய்மூடி இருந்தேன். அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையைக் கொள்க.

அன்றிரவு என் நினைவில் நின்றவர் ஓர் அமெரிக்கர். தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர்களை எழுதியும் தயாரித்தும் வாழ்ந்த நார்மன் லியர். (லியர் என்றதும் ஷேக்ஸ்பியரின் மன்னனே நம் ஆசிரியர்க்கு நினைவு வரும். இவர் மன்னரல்லர்; நாணயம் தவறிய ஒரு விற்பனையாளரின் மகன்.) எள்ளலை எவர்மேல் தொடுப்பது என்ற கேள்விக்கு ஒருவரின் வாழ்க்கையே விடையாகுமானால், இவருடையது அத்தகையது. அவர் தவறிய இடமும் அந்த விடையில் அடங்கும்.

லியர் 1922 ஜூலை 27இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் அவர் தந்தை போலிப் பத்திர விற்பனையில் சிக்கிச் சிறை சென்றார். வீட்டுப் பொருள்களை விற்க நேர்ந்தது. தந்தை அமர்ந்து வானொலி கேட்கும் சிவப்புத் தோல் நாற்காலிக்கும் விலை பேசப்பட்டது. அவ்வேளையில் அங்கு வந்திருந்த ஒருவர் சிறுவனின் தோளில் கைவைத்து, இனி இவ்வீட்டுக்கு நீதான் ஆண்மகன் என்றாராம். வீடே கலைந்து கொண்டிருக்கும்போது ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இப்படியும் ஒருவர் பேசுவாரா! மாந்தரின் பேதைமை இன்னதென்று தாம் முதன்முதலில் கண்டுகொண்டது அந்த நொடியில்தான் என்று லியர் பின்னாளில் பன்முறை கூறினார். அதே வயதில்தான், சிறு வானொலிக் கருவி ஒன்றைத் திருகிக் கொண்டிருந்தபோது, சார்ல்ஸ் காக்லின் என்னும் பாதிரியார் யூதரைப் பழித்துப் பேசும் குரல் அவர் காதில் விழுந்தது. தம்மை யாரென்றே அறியாத ஒருவர் தம்மை வெறுக்கிறார் என்பதைப் பள்ளிச் சிறுவன் அறிந்துகொண்ட நாள் அது.

1942இல் கல்லூரிப் படிப்பை விட்டு வான்படையில் சேர்ந்தார். இத்தாலியிலிருந்து பறந்த குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குநராகவும் துப்பாக்கி வீரராகவும் 52 போர்ப் பறப்புகளில் சென்று வந்தார். போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எட் சிம்மன்ஸ் என்னும் உறவினரோடு வீடு வீடாகச் சென்று பொருள் விற்றார். இரவில் இருவரும் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினர். 1950 முதல் டீன் மார்ட்டின், ஜெரி லூயிஸ் இணைக்கு எழுதும் வாய்ப்பு வந்தது. 1958இல் பட் யார்க்கினுடன் கூடித் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். திரைப்படங்களும் எழுதினார். இவையெல்லாம் ஏறத்தாழ எவரும் எழுதக்கூடியவை. அவர் பெயர் நிலைத்தது 48 வயதிற்குப் பின்னர்தான்.

பிரிட்டனில் ஜானி ஸ்பெய்ட் என்பவர் எழுதிய தொடர் ஒன்று பி.பி.சி.யில் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. வாய்த்துடுக்கும் இனவெறுப்பும் மிக்க மாமனாரும், புதுக்கருத்துப் பேசும் மருமகனும் ஒரே வீட்டில் ஓயாமல் மோதிக்கொள்ளும் கதை அது. அதைப் பற்றி அறிந்தபோது லியருக்குத் தம் தந்தை நினைவுக்கு வந்தார். தந்தை தம் மகனை, தாம் கண்ட வெள்ளைப் பையன்களிலேயே சோம்பேறி என்பார். ஒருவனைப் பழிப்பதற்கு ஓர் இனத்தையே ஏன் இழுக்கிறீர்கள் என்று மகன் கேட்பான். அப்படியானால் வெள்ளைப் பையன்களிலேயே முட்டாளும் நீதான் என்று விடை வரும். மனைவியை வாயடக்கச் சொல்லும்போது அவர் ஆண்ட சொல்லையும் மகன் மறக்கவில்லை. அந்தச் சொல்லும் அந்த நாற்காலியும் நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் வாழ்வதாகப் படைக்கப்பட்ட ஆர்ச்சி பங்கருக்கு அப்படியே போய்ச் சேர்ந்தன. 'ஆல் இன் த பேமிலி' என்னும் தொடர் பிறந்தது.

பிறந்ததும் தவழ்ந்துவிடவில்லை. 1968இலும் 1969இலும் ஏ.பி.சி. நிறுவனத்திற்கென இருமுறை மாதிரிக் காட்சி எடுத்தார்; இருமுறையும் அது வேண்டாம் என்றது. பின்னர் சி.பி.எஸ். ஏற்று, 1971 ஜனவரி 12இல் ஒளிபரப்பியது. முதல் நாள் தொடரின் முன்னே ஓர் அறிவிப்பை வைத்தது. நம் குறைகளையும் முற்கோள்களையும் சிரிப்பின் வழியே காட்டும் முயற்சி இது என்ற பொருளில் அமைந்த முன்னெச்சரிக்கை அது. திட்டித் தொலைபேசுவோரின் எண்ணிக்கை பெருகும் என்றெண்ணிக் கூடுதலாக ஆட்களையும் அமர்த்தியிருந்தனர். நாடு கொதித்தெழவில்லை. முதலில் பார்ப்பாரே மிகுதியாக இல்லை. அந்தக் கோடைக்குப் பின் நிலை மாறியது; 1971–72 தொடங்கித் தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடர் அதுவே ஆயிற்று.

அதற்கு முன் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை எப்படி இருந்தது என்பதையும் நோக்குக. கடற்படைக் காலாள் வீரனொருவனை நாயகனாகக் கொண்ட 'கோமர் பைல்' என்ற தொடர் 1964 முதல் 1969 வரை ஓடியது. வியட்நாமில் போர் நடந்த ஆண்டுகள் அவை. அந்த வீரனின் உலகிலோ அப்படியொரு போர் நடந்ததாகவே தெரியாது! அவன் வெகுளித்தனத்திற்கு மக்கள் சிரித்தார்கள். எவர் மனமும் புண்படவில்லை. நம் போட்டி ஏற்பாட்டாளர்கள் அதற்கு முதற்பரிசே கொடுத்திருப்பார்கள்.

லியர் என்ன செய்தார்? எழுத்தாளர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, செய்தித்தாளில் படித்ததையும், தத்தம் வீட்டில் மனைவி மக்களோடு நடந்த சச்சரவையும் பேசச் சொன்னார். அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, அதிலிருந்து கதை எடுத்தார். பதிவு செய்த சிரிப்பொலியைக் காட்சியில் ஒட்டும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், மக்களை அரங்கில் அமர்த்தி அவர்கள் முன்னிலையில் நடிக்கச் செய்தார். சிரிப்பு வராத இடம் உடனே தெரிந்துவிடும். எழுதியவன் தப்ப முடியாது.

1972 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு கதை. வாடகைக் காரோட்டிய ஆர்ச்சியின் வண்டியில் பெட்டியை மறந்துவிட்ட கறுப்பினக் கலைஞர் சாமி டேவிஸ் ஜூனியர் அதைப் பெற்றுக்கொள்ள அவர் வீட்டுக்கு வருகிறார். பெரிய கலைஞர் வீடு தேடி வந்ததில் ஆர்ச்சிக்கு ஒரே பெருமை. வாயைத் திறந்தாலோ கறுப்பினத்தார் பற்றிய அவருடைய பழைய பாடம். தாம் எவரையும் தாழ்வாக எண்ணாதவர் என்று நிறுவ முயன்று முயன்று மேலும் சிக்கிக்கொள்கிறார். இறுதியில் இருவரும் நிழற்படத்திற்கு நிற்கின்றனர். கருவி ஒளிரும் நொடியில் டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். அரங்கச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. இங்கே எள்ளப்பட்டவர் கறுத்த விருந்தினர் அல்லர். நாற்காலிக்குரிய வீட்டுத் தலைவர். அவரைப் பார்த்துச் சிரித்தோருள் எத்தனை பேர் வீட்டில் அப்படியொரு நாற்காலி இருந்திருக்கும்! பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் இதுவே என்பேன்.

எதிர்வாதம் இல்லாமலில்லை, அதுவும் வலுவானது. இன ஒதுக்கலைச் சாடி 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' என்னும் நாவலை எழுதிய லாரா ஹாப்சன் அம்மையார், 1971 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் லியரைக் கடுமையாகச் சாடினார். உண்மையான இனவெறியன் ஆளும் கொடுஞ்சொற்களைத் தவிர்த்து, அவனை அன்புக்குரிய மனிதனாகத் துலக்கி மெருகிட்டுக் காட்டுகிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. லியர் அடுத்த மாதமே அதே இதழில் மறுமொழி எழுதினார். வெறுப்பு கொடியவரிடம் மட்டும் குடியிருப்பதில்லை, நாம் அன்பு செய்வோரிடமும் இருக்கிறது என்பது அவர் நிலை. என் மனம் லியர் பக்கமே சாய்கிறது. கொம்பு முளைத்த இனவெறியனை மேடையேற்றினால், நம் தாத்தாவுக்குக் கொம்பில்லை என்ற நிம்மதியோடு அனைவரும் வீடு திரும்புவோம்.

1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியலறிஞர் வெளியிட்ட ஆய்வை இவ்வாறு எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்க இளையோரிடமும் கனடா நாட்டுப் பெரியோரிடமும் அவர்கள் வினவினர். இனவெறுப்பு மிக்கோர் ஆர்ச்சியையே பெரிதும் மெச்சினர். வாதத்தில் வென்றவர் அவரே என்றும் கருதினர். மருமகன் மைக் எள்ளப்படுவதாகவே அவர்களுக்குத் தோன்றியது. ஒரே காட்சி, இரண்டு சிரிப்பு! இதனைக் காட்டி, பார்த்தீர்களா, எள்ளல் இருபுறமும் வெட்டும், ஆகவே மாணவர்க்கு வேண்டாம் என்போர் உளர்.

அவர்களிடம் இரண்டு கேட்பேன். அந்த ஆய்வு, பார்ப்பவன் தன் மனத்திற்கேற்பவே காட்சியைக் கொள்கிறான் என்று காட்டியது. காட்சி அவனைக் கெடுத்தது என்று காட்டவில்லை. ஆர்ச்சியை மெச்சியவன் 'கோமர் பைல்' பார்த்திருந்தால் திருந்தியிருப்பானா? அது நிற்க. லியருக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் சிரித்தவனைப் பார்த்து, ஏன் சிரித்தாய் என்று கேட்க ஆளில்லை. வகுப்பறையில் கேட்க ஆசிரியர் இருக்கிறார். "தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாயா, தாத்தாவோடு சேர்ந்து சிரித்தாயா?" என்று ஒரு பாடவேளை முழுதும் கேட்டுக் கொண்டிருக்கலாம். மெய்ப்பாட்டியலை நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் நிற்கும் இடத்திலேயே இத்தகைய நாடகத்திற்கு இடமில்லை என்றால், வேறு எங்கே இருக்கும்?

லியர் வேறு தொடர்களும் தந்தார். 1974–75 பருவத்தில் அமெரிக்காவின் முதற்பத்துத் தொடர்களுள் ஐந்து அவரும் யார்க்கினும் கூடி நடத்திய நிறுவனங்களைச் சார்ந்தவை. 'மாட்' என்னும் தொடரின் நாயகி 47 வயதில் கருவுற்று, அதனைக் கலைப்பதா வேண்டாவா என்று தவிக்கும் இருபகுதிக் கதை 1972 நவம்பரில் வந்தது. சூசன் ஹாரிஸ் எழுதியது. அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை குறித்துத் தீர்ப்பளித்தது 1973 ஜனவரியில் என்பதை நினைத்தால் அந்தத் துணிவு விளங்கும். சில நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன.

அவரைப் போற்றுவோர் பலர் 'குட் டைம்ஸ்' தொடரின் கதையை விரைந்து கடந்துவிடுகின்றனர். நான் கடக்க மாட்டேன். 1974இல் தொடங்கிய அத்தொடர் சிகாகோ நகரின் அரசுக் குடியிருப்பில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியது. மைக் எவன்ஸ், எரிக் மாண்டி என்னும் இரு கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கியது. தாயாக நடித்த எஸ்தர் ரோல், குடும்பத்தில் தந்தை இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். கறுப்பினக் குடும்பம் என்றால் தந்தையற்றது என்ற ஏளனத்திற்கு மறுப்பாக ஜான் ஏமஸ் நடித்த தந்தை வந்தார். ஆனால் கைத்தட்டலை அள்ளியவனோ மூத்த மகன் ஜே.ஜே. கண்ணை உருட்டுவான், கோணங்கித்தனம் செய்வான், ஒரே கூச்சலை வாரந்தோறும் கூவுவான். எழுதுவோரும் அவனையே வளர்த்தனர். இளையவர் இருவர் கல்வியை விரும்புவதாகக் காட்டிய பகுதிகள் சுருங்கின. ஏமசும் ரோலும் குறைகூறினர். 1976இல் ஏமஸ் விலக்கப்பட்டார். கதையில் தந்தை கார் விபத்தில் மாண்டார். போராடிப் பெற்ற தந்தையை இழந்த அக்குடும்பத்திலிருந்து மறு ஆண்டு ரோலும் விலகி, கடைசிப் பருவத்திற்கே திரும்பி வந்தார்.

இதில் லியருக்கு நான் சலுகை தரப்போவதில்லை. வீட்டுத் தலைவனின் நாற்காலியை நோக்கி எய்த அதே அம்பு, இங்கே ஏழைச் சிறுவனை நோக்கித் திரும்பியது. அரங்கம் அதிர்ந்தது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேட்டி அவிழ்ந்த நம் தாத்தாவுக்கும் அரங்கம் அதிர்ந்ததே!

கறுஞ்சிறுத்தை இயக்கத்தார் சிலர் ஒருநாள் தம் அலுவலகத்திற்கே வந்து, கறுப்பின ஆண் ஏன் எப்போதும் வறுமையில் உழல்பவனாகவே வருகிறான் என்று கேட்டதாக லியர் தம் நினைவுகளில் கூறுகிறார். 1975இல் தொடங்கிய 'த ஜெபர்சன்ஸ்' தொடருக்கு அதுவும் ஒரு தூண்டுகோல். உழைத்துச் செல்வரான கறுப்பினத்தவர் அதன் நாயகர். அவர் ஆர்ச்சிக்குச் சற்றும் குறையாத வாய்த்துடுக்கும் முற்கோளும் உடையவர்! அத்தொடர் 1985 வரை ஓடியது. பிழை சுட்டிக் காட்டப்பட்டபோது இவர் நகைச்சுவையைக் கைவிடவில்லை, அதன் திசையை மாற்றினார் என்பதை நம் ஏற்பாட்டாளர் கவனிக்க வேண்டும்.

1975இல் தொலைக்காட்சி நிறுவனங்கள், மாலையின் முற்பகுதியைக் 'குடும்ப நேரம்' என அறிவித்து, குழந்தைகளுக்கு ஒவ்வாதவை அதில் வரலாகாது என்றன. அரசின் ஒலிபரப்பு ஆணையமும் இதற்கு அழுத்தம் கொடுத்தது. சனிக்கிழமை 8 மணிக்கு வந்த ஆர்ச்சியின் குடும்பம் திங்கள் 9 மணிக்குத் தள்ளப்பட்டது. எழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து லியர் வழக்குத் தொடுத்தார். 1976இல் நீதிபதி வாரன் பெர்கசன் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்காடும் இடம் பற்றிய காரணத்தால் நீக்கியது. ஆயினும் குடும்ப நேரம் அதற்குள் வழக்கொழிந்து போயிருந்தது. எழுத்தாளர் சங்கம் வழக்காடியது என்ற செய்தியை அடிக்கோடிட விரும்புகிறேன். நம் சங்கங்கள் மாலைக்கும் மேடைக்கும் ஏற்பாடு செய்வதில் தேர்ந்தவை. ஒரு மாணவனின் வசனம் வெட்டப்பட்டபோது நாம் கடிதம் எழுதியதுண்டா? அந்தச் சங்கத்தின் உறுப்பினன் என்ற முறையில் என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

1980களின் தொடக்கத்தில், சமயத்தின் பெயரால் அரசியல் நடத்தியோர்க்கு எதிராக லியர் ஒரு குடிமக்கள் அமைப்பை நிறுவினார். 2000இல் அமெரிக்க விடுதலை அறிக்கையின் தொடக்ககால அச்சுப்படி ஒன்றை 81 இலட்சம் டாலருக்கு நண்பர் ஒருவரோடு வாங்கி, நாடெங்கும் மக்கள் பார்வைக்கு அனுப்பினார். 2023 டிசம்பர் 5இல், 101ஆம் வயதில் மறைந்தார். பழம்பொருள் கடையில் மலிவாக வாங்கி ஆர்ச்சிக்கென அரங்கில் போட்ட நாற்காலி, 1978 முதல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு உரியது.

நம் மாணவர் எழுதிய நாடகத்தின் முதற்படி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியோரின் இசைவையும் பெற்றுவிட்டேன். எந்தப் பள்ளி கேட்டாலும் படியெடுத்து அனுப்புவேன். தாத்தாவின் பேச்சில் ஒரு சொல்லும் குறைக்கலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. கறுத்த மருமகள் அதில் இல்லை.